கண்ணால் மதிப்பிட்டுக் கையால் அளக்க: 1 முதல் 3-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீளம் சொல்லித்தரும் முழு வழிகாட்டி

மூன்றாம் வகுப்பு முடிக்கப் போகும் பிள்ளையிடம் ஒரு பென்சிலையும் ஸ்கேலையும் கொடுத்தால், பெரும்பாலும் "14 செ.மீ." என்று சரியாகவே சொல்லிவிடும். ஸ்கேலை வாங்கி வைத்துக்கொண்டு, "இந்த ஜன்னல் எவ்வளவு அகலம் இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். 500 செ.மீ. என்றோ 5 செ.மீ. என்றோ வாயில் வந்த எண் வரும். செ.மீ. என்ற சொல் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஒரு செ.மீ. எவ்வளவு என்பது கண்ணில் பதியவில்லை.

இதற்குக் காரணம் நாம் பாடம் நடத்தும் வரிசைதான் என்று நான் நினைக்கிறேன். முதல் நாளே ஸ்கேலைக் கையில் கொடுத்து, எண்ணைப் படிக்கப் பழக்கி, கடைசியில் நேரம் இருந்தால் "உத்தேசமாகச் சொல்" என்கிறோம். மதிப்பிடுவதை முதலில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன் பிள்ளை ஒரு எண்ணைச் சொல்லட்டும். அதற்குப் பத்து விநாடிதான் ஆகும், ஆனால் அந்தப் பத்து விநாடியில்தான் பிள்ளை பொருளை உண்மையாகப் பார்க்கிறது.

ஒன்றாம் வகுப்பில் தொடங்கி மூன்றாம் வகுப்பு வரை இதை எப்படிப் படிப்படியாகக் கொண்டுபோகலாம் என்று கீழே சொல்கிறேன். வீட்டில் சொல்லித்தரும் பெற்றோருக்கும் இதே வரிசைதான்.

படி 1: எண் வருவதற்கு முன்னால்

ஒன்றாம் வகுப்பில் முதல் சில வாரங்கள் எண்ணே வேண்டாம். ஒப்பிட்டால் போதும். எது நீளம், எது குட்டை, எது உயரம்.

சின்னப் பிள்ளைகளுக்கு எல்லாமே "பெரிசு"தான். நீளமான கயிறும் பெரிசு, அகலமான பாயும் பெரிசு, தடியான புத்தகமும் பெரிசு. அப்படிச் சொல்லும்போது, "எந்தப் பக்கம் பெரிசு? கையால காட்டு" என்று கேளுங்கள். பிள்ளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலை ஓட்டிக் காட்டும். அந்த விரல் ஓட்டம்தான் நீளம். நீளம், அகலம், உயரம், தடிமன், ஆழம் என்ற சொற்கள் அந்த ஓட்டத்தோடு சேர்ந்து வரட்டும்.

அடுத்தது, ஒரு முனையைச் சேர்த்து வைத்துப் பார்க்கும் பழக்கம். இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி நின்றால் யார் உயரம் என்று தெரியும், ஆனால் ஒருவன் படிக்கட்டில் நிற்கக் கூடாது. இதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துக் கத்துவார்கள். "டீச்சர், அவன் குதிங்காலைத் தூக்குறான்!" என்று ஒரு குரல் வந்தால், பாடத்தில் பாதி முடிந்த மாதிரி.

இந்தக் கட்டத்தில் ஒரு சோதனை அவசியம் செய்ய வேண்டும். இரண்டு ஈர்க்குச்சிகளைச் சமமாக நறுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ரெண்டும் ஒரே நீளமா?" என்று கேளுங்கள். ஆமாம் என்பார்கள். இப்போது அவர்கள் கண் முன்னாலேயே ஒன்றை இரண்டு விரலளவு முன்னால் தள்ளிவிட்டு, "இப்போ?" என்று கேளுங்கள். ஐந்து ஆறு வயதில் பல பிள்ளைகள் தள்ளி வைத்த குச்சிதான் நீளம் என்பார்கள். சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே சென்ற நூற்றாண்டிலேயே விரிவாக எழுதி வைத்த விஷயம் இது. பிள்ளை ஒரு முனையை மட்டும் பார்க்கிறது, மறுமுனை பின்வாங்கியதைக் கவனிக்கவில்லை. "தப்பு" என்று சொல்லித் திருத்த வேண்டாம். குச்சியைப் பழைய இடத்துக்குத் தள்ளச் சொல்லுங்கள், மறுபடி கேளுங்கள், விட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்து வேறு பொருளை வைத்துத் திரும்பச் செய்யுங்கள். இது விளக்கத்தால் வருவதில்லை, கையாண்டு பார்த்துப் பார்த்து வருவது. இது வராத பிள்ளைக்கு ஸ்கேல் கொடுப்பதில் பலன் இல்லை, ஏனென்றால் ஸ்கேலில் பொருளை எங்கே வைத்தாலும் நீளம் மாறாது என்பது அந்தப் பிள்ளைக்கு இன்னும் நம்பிக்கையாகவில்லை.

படி 2: இடையில் ஒரு நூல்

"அந்த பீரோ இந்த வாசல்ல நுழையுமா?" என்று கேளுங்கள். பீரோவைத் தூக்கி வர முடியாது, வாசலையும் நகர்த்த முடியாது. முதலில் யாராவது பீரோ அகலத்துக்குக் கைகளை விரித்து, அப்படியே ஆடாமல் அசையாமல் வாசலுக்கு நடந்து வருவார்கள். வரும் வழியிலேயே கை சுருங்கிவிடும். மற்றவர்கள் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் "கயிறு இருந்தா அளந்துக்கலாம்" என்பார். அதை அவர்களே சொல்லும் வரை பொறுத்திருங்கள். கயிறை நீங்களே நீட்டிவிட்டால் அந்தக் கண்டுபிடிப்பு போய்விடும்.

வளைந்த கோடுகளையும் இங்கேயே காட்டிவிடலாம். தரையில் நேராக ஒரு பாதை, பாம்பு போல வளைந்து ஒரு பாதை, இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே நேர்கோட்டில் முடியும்படி சாக்பீஸால் வரையுங்கள். எறும்புக்கு எது அதிக தூரம்? நூலை வளைவின் மேல் படியவைத்து, பிறகு இழுத்து நேராக்கினால் விடை கையில் இருக்கும்.

படி 3: சாண், காலடி, குச்சி

இப்போதுதான் எண் உள்ளே வருகிறது. "எவ்வளவு நீளம்?" என்பதற்கு "இதைப்போல எத்தனை?" என்று பதில் சொல்லும் கட்டம் இது.

கைவேலைக்கு விற்கும் ஐஸ் குச்சிகள் இதற்கு அருமையான பொருள். எல்லாம் ஒரே அளவு. டெஸ்க்கின் ஓரத்தில் வரிசையாக அடுக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் சும்மா சுற்றி வாருங்கள். ஒரு குழுவில் குச்சிகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கும். இன்னொரு குழுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். மூன்றாவது குழுவின் வரிசை கோணலாகி டெஸ்க்கின் நடுவுக்குப் போயிருக்கும். நாலாவதில் கடைசிக் குச்சி டெஸ்க்கைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதையும் முழுதாக எண்ணியிருப்பார்கள். ஒரே மாதிரி டெஸ்க்தான், ஆனால் 9, 12, 10, 11 என்று நாலு விடைகள். நாலையும் கரும்பலகையில் எழுதி, "எல்லா டெஸ்க்கும் ஒண்ணுதானே, அப்புறம் ஏன் இப்படி?" என்று கேளுங்கள். பிள்ளைகள் அடுத்த குழுவின் வரிசையைப் போய்ப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பார்கள். இடைவெளி கூடாது, மேலே ஏறக் கூடாது, நேராகப் போக வேண்டும் என்ற விதிகள் அவர்கள் வாயிலிருந்தே வரும். அதைச் சார்ட்டில் எழுதி ஒட்டுங்கள்.

அடுத்த நாள் குச்சிகளுக்குப் பதில் புளியங்கொட்டை கொடுங்கள். கொட்டைகள் ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. "இதால அளக்கலாமா?" என்று கேட்டால் முதலில் சரி என்பார்கள், பிறகு சண்டை வரும். அளக்கும் பொருள் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சண்டையில் தெளிவாகும்.

மிச்சம் வரும்போது பயப்பட வேண்டாம். "எட்டும் கொஞ்சமும்", "ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைச்சல்", "எட்டரை" என்று சொல்லப் பழக்குங்கள். எல்லா விடையும் முழு எண்ணாக வர வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைதான் பின்னால் ஸ்கேலில் அரை செ.மீ.யை விழுங்கும்.

நிறைய குச்சிகளை அடுக்கத் தெரிந்த பிறகு, ஒரே ஒரு குச்சி மட்டும் கொடுங்கள். அது முடியும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, குச்சியைத் தூக்கி அந்தக் கோட்டில் வைத்து, மறுபடி கோடு. இது பெரியவர்களுக்குச் சாதாரணம், ஏழு வயதுக்கு நிஜமான வேலை. கோடு போடாமல் குத்துமதிப்பாக நகர்த்துவார்கள், எண்ணிக்கை நழுவும். இரண்டு பேராகச் செய்தால் ஒருவர் குச்சி வைக்க, ஒருவர் கோடு போட்டு எண்ணலாம்.

உடம்பால் அளப்பதற்கு நம் ஊரில் கைவசம் நிறைய இருக்கிறது. விரற்கடை, சாண், முழம், பாகம். 12 விரற்கடை ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம், நாலு முழம் ஒரு பாகம். இரண்டு கையையும் பக்கவாட்டில் முழுதாக நீட்டினால் நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு பாகம், அது கிட்டத்தட்ட அவரவர் உயரம். எண் சாண் உடம்பு என்கிறார்களே, அதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை தரையில் படுக்கட்டும். தலைமாட்டிலும் குதிங்காலிலும் கோடு போட்டு, எழுந்த பிறகு அந்த இடைவெளியை அவர் தன் சாணாலேயே அளக்கட்டும். எட்டுக்குப் பக்கத்தில்தான் வரும். அதே இடைவெளியை நீங்கள் உங்கள் சாணால் அளந்து காட்டுங்கள். ஐந்து, ஆறுதான் வரும்.

"ஏன் டீச்சர் உங்களுக்குக் கம்மியா வருது?"

இந்தக் கேள்வி வராவிட்டால் நீங்களே கேளுங்கள். அளக்கும் பொருள் பெரிதானால் எண்ணிக்கை குறையும் என்பது சின்னப் பிள்ளைகளுக்குத் தலைகீழாகப் படும் விஷயம். பெரிய கைக்குப் பெரிய எண்தானே வர வேண்டும் என்று நினைப்பார்கள். இதற்கு இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறவன் ஒவ்வொரு தடவையும் எத்தனை சாண் கீழே போவான் என்று ஒரு புதிரும் போடலாம்.

படி 4: எல்லோருக்கும் ஒரே அளவு ஏன்

பூக்காரம்மா முழம் போடுவதைப் பார்க்காத பிள்ளை இருக்காது. "ரெண்டு முழம் மல்லி வாங்கணும். நீ அளக்கிற முழம் வேணுமா, நான் அளக்கிற முழம் வேணுமா?" என்று கேட்டால் வகுப்பே டீச்சர் முழம் என்று கத்தும். பூ விற்கிறவர் என்ன நினைப்பார் என்று கேட்டால் யோசிப்பார்கள்.

தமிழ்நாட்டில் பழைய கோயில்கள் சிலவற்றின் சுவரில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். யாருடைய கோலைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் அங்கே வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் கண் விரிகிறது. இப்போது அந்த வேலையை மீட்டர் செய்கிறது. இந்தியாவில் 1956-இல் இதற்குச் சட்டம் வந்து, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக மெட்ரிக் அளவுகள் நடைமுறைக்கு வந்தன. ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வேண்டாம், உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

படி 5: பிள்ளைகளே செய்யும் ஸ்கேல்

கடையில் வாங்கிய ஸ்கேலை இன்னும் எடுக்காதீர்கள். சார்ட் அட்டையை இரண்டு விரல் அகலத்தில் பட்டையாக நறுக்கி ஆளுக்கு ஒன்று கொடுங்கள். இன்னொரு நிற அட்டையில் 1 செ.மீ. கட்டங்களை நீங்கள் வெட்டி வையுங்கள், இரண்டு நிறத்தில். பட்டையின் விளிம்பிலிருந்து தொடங்கி, சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள் என்று இடைவெளி இல்லாமல் பத்துக் கட்டம் ஒட்டட்டும். எண் எழுத வேண்டாம். இந்தப் பட்டையால் ஒரு வாரம் அளக்கட்டும். கட்டங்களை எண்ணித்தான் விடை சொல்ல முடியும்.

ஒவ்வொரு தடவையும் எண்ணுவது அலுத்துப்போகும். "எண் எழுதிக்கலாமா டீச்சர்?" என்று கேட்பார்கள். எழுதலாம், எங்கே எழுதுவது? பலர் கட்டத்தின் நடுவில் 1, 2, 3 என்று எழுதுவார்கள். அதிலும் தவறில்லை, அது கட்டத்தின் பெயர். ஒரு கட்டம் முழுதாக முடிந்த இடத்தில் 1 என்று போட்டால் பாதிக் கட்டத்தையும் படிக்கலாம் என்று அவர்களுக்குக் காட்டுங்கள். அப்போது ஒரு இடம் எண் இல்லாமல் நிற்கும். முதல் கட்டம் தொடங்கும் இடம். அங்கே என்ன எழுதுவது? இன்னும் எதுவும் முடியவில்லை. பூஜ்யம். இப்படி வந்து சேர்ந்த பூஜ்யத்தைப் பிள்ளை மறப்பதில்லை.

படி 6: ஸ்கேலைப் படிப்பது

இங்கே கொஞ்சம் அதிக நேரம் செலவழியுங்கள், தப்புகள் எல்லாம் இங்கேதான் முளைக்கின்றன.

முதல் தப்பு, 1-இலிருந்து அளப்பது. எண்ண ஆரம்பிப்பது ஒன்றிலிருந்துதானே என்று பிள்ளை நினைக்கிறது. இரண்டாவது, ஸ்கேலின் ஓரத்திலிருந்து அளப்பது. பல பிளாஸ்டிக் ஸ்கேல்களில் பூஜ்யக் கோடு ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கும். பிள்ளைகள் செய்த அட்டைப் பட்டையில் ஓரமே பூஜ்யம், கடை ஸ்கேலில் அப்படி இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். மூன்றாவது, கோடுகளை எண்ணுவது. ஐந்து செ.மீ.யில் பூஜ்யத்தையும் சேர்த்தால் ஆறு கோடுகள் இருக்கும், இடைவெளிகள் ஐந்துதான். விரலை ஒவ்வொரு இடைவெளியிலும் குதித்துக் குதித்து எண்ணச் சொல்லுங்கள்.

நாலாவது தப்பு வெளியே தெரியாது. பிள்ளை பூஜ்யத்தில் சரியாக வைத்து, மறுமுனையில் இருக்கும் எண்ணைப் படித்துச் சரியான விடை சொல்லும். அது நீளத்தைப் புரிந்துகொண்டதா, எண்ணைப் படித்ததா என்று உங்களால் சொல்ல முடியாது. இதைக் கண்டுபிடிக்க உடைந்த ஸ்கேல் ஒன்று போதும். உடைந்த ஸ்கேலைத் தூக்கிப் போடாதீர்கள், அது வகுப்பறையில் கிடைக்கும் நல்ல பாடக்கருவி. 4-இல் தொடங்கும் துண்டைக் கொடுத்து ஒரு பென்சிலை அளக்கச் சொல்லுங்கள். பென்சில் 4-இலிருந்து 13 வரை இருக்கிறது. "13" என்று சொன்னால் அந்தப் பிள்ளை எண்ணைப் படிக்கிறது. "10" என்று சொன்னால் கோடுகளை எண்ணுகிறது. "9" வந்தால், எப்படி என்று கேளுங்கள். விரல் குதித்து எண்ணியிருந்தாலும் சரி, 13-இலிருந்து 4-ஐக் கழித்திருந்தாலும் சரி.

13 என்று சொன்ன பிள்ளையிடம் விதி சொல்லாதீர்கள். அதே பென்சிலின் பக்கத்தில் அதன் சொந்த அட்டைப் பட்டையை வைத்துக் கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். 13-ம் 9-ம் மோதும். அந்த மோதலிலிருந்து பிள்ளையே வெளியே வரட்டும்.

படி 7: மதிப்பிடுதல்

மதிப்பிடுவது என்றால் குருட்டாம்போக்கில் ஒரு எண்ணைச் சொல்வது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். தெரிந்த ஒரு நீளத்தை மனதில் எடுத்து, தெரியாத பொருளின் மேல் கண்ணாலேயே போட்டுப் பார்ப்பதுதான் மதிப்பிடுதல். அதனால் முதலில் தெரிந்த நீளங்களைச் சேகரிக்க வேண்டும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு "என் அளவு அட்டை" செய்யுங்கள். சுண்டுவிரலின் அகலம், சாண், முழம், காலடி. சின்னப் பிள்ளைகளின் சுண்டுவிரல் அகலம் 1 செ.மீ.க்குப் பக்கத்தில் இருக்கும், ஆனால் அதை அவர்களே அளந்து எழுதட்டும். வளர்கிற பிள்ளைகள், அதனால் ஒவ்வொரு பருவத்திலும் அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். போன தடவையைவிடச் சாண் ஒரு செ.மீ. கூடியிருப்பதைப் பார்க்கும்போது முகத்தில் வரும் பெருமையே தனி.

உடம்புக்கு வெளியே மாறாத சில அளவுகளும் வேண்டும். இப்போது புழக்கத்தில் இருக்கும் 500 ரூபாய் நோட்டின் நீளம் சரியாக 15 செ.மீ., சின்ன ஸ்கேலின் அளவு. ஏ.டி.எம். கார்டின் நீளம் எட்டரை செ.மீ.க்கு ஒரு மயிரிழை கூட. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ., நீளம் 30 செ.மீ.க்குச் சற்றே குறைவு. மூன்றாம் வகுப்புக்கு 1, 10, 30, 100 செ.மீ. ஆகிய நாலும் கண்ணில் நின்றால் மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். 10-க்கு அவர்கள் செய்த பட்டை இருக்கிறது, 30-க்குப் பெரிய ஸ்கேல், 100-க்கு அடுத்த படியில் ஒரு ரிப்பன்.

பிறகு பயிற்சி. நோட்டில் நாலு பத்திகள்: பொருள், என் மதிப்பு, அளந்தது, வித்தியாசம். ஒரே நேரத்தில் ஐந்து பொருளுக்கும் மதிப்பெழுதி, பிறகு ஐந்தையும் அளக்க வைக்காதீர்கள். ஒன்றை மதிப்பிட்டு, அளந்து, வித்தியாசத்தைப் பார்த்த பிறகு அடுத்தது. டஸ்டருக்கு 30 என்று எழுதிய பிள்ளை, அளந்தால் 15 வருவதைப் பார்த்துவிட்டு ஜாமெட்ரி பாக்ஸுக்கு வரும்போது டஸ்டரையும் அதையும் மாறி மாறிப் பார்க்கும். அந்தப் பார்வைக்குத்தான் இந்தப் பயிற்சியே.

வகுப்பில் இது எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு மாதிரி:

"இந்த டெஸ்க் எவ்வளவு நீளம் இருக்கும்மா?"

"200 டீச்சர்."

"எப்படிச் சொல்றே?"

"சும்மா."

"சரி, உன் 10 செ.மீ. பட்டை இதுல எத்தனை தடவை போகும்? கை வைக்காம கண்ணாலயே போட்டுப் பாரு."

தலை மெதுவாக இடமிருந்து வலமாக நகரும், உதடு அசையும். "பன்னிரண்டு."

"அப்போ?"

"நூத்தி இருபது."

அளந்தால் 112. "எட்டுதான் வித்தியாசம்! பட்டை முழுசா ஒண்ணுகூட இல்ல." இந்த மாதிரிச் சொல்லுங்கள். "தப்பு, 112" என்று சொன்னால் அடுத்த தடவை அந்தப் பிள்ளை மதிப்பிடாது, அளந்துவிட்டு மதிப்பு எழுதும்.

உண்மையில் அதுதான் எல்லா வகுப்பிலும் வரும் சிக்கல். அளந்த பிறகு முதல் எண்ணை அழித்துவிட்டு அதையே எழுதி, வித்தியாசம் பூஜ்யம் என்று காட்டுவார்கள். சரியான விடைக்கு மட்டுமே மதிப்பெண் வாங்கிப் பழகியவர்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. மதிப்பைப் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். மதிப்பு எழுதி முடிக்கும் வரை ஸ்கேல்கள் உங்கள் மேசையில் இருக்கட்டும். சரியாகச் சொன்னவருக்குப் பரிசு என்று வைக்காதீர்கள். போன வாரத்தைவிட இந்த வாரம் வித்தியாசம் குறைந்திருக்கிறதா என்று அவரவர் நோட்டிலேயே பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளை சொல்லும் எண்ணையே எல்லோரும் சொல்வார்கள் என்பதால், சிலேட்டில் எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டும் முறை நல்லது.

எவ்வளவு பக்கம் வந்தால் போதும்? ஸ்கேலுக்குள் அடங்கும் பொருளுக்கு 2, 3 செ.மீ. வித்தியாசம் மிக நன்று. டெஸ்க், ஜன்னல் போன்றவற்றுக்கு 10, 15 செ.மீ. இருக்கலாம்.

எண் சொல்லத் தயங்கும் பிள்ளைக்கு எல்லை கட்டுங்கள். "10-ஐவிடக் கூட இருக்குமா? 50-ஐவிட? சரி, நடுவுல எங்கேயோ இருக்கு." கரும்பலகை மாதிரி நீளமானதற்குக் கண்ணாலேயே பாதியாக, அப்புறம் பாதியில் பாதியாகப் பிரித்து, அந்தக் கால் பங்கை மட்டும் மதிப்பிட்டு நாலு மடங்காக்கலாம்.

இதைத் திருப்பியும் செய்யுங்கள். "ஸ்கேல் இல்லாமல் 10 செ.மீ. கோடு போடு." போட்ட பிறகு அளந்து, அதன் கீழேயே இன்னொன்று, இன்னொன்று. நாலாவது ஐந்தாவது கோட்டில் கை பழகிவிடும். தினமும் வருகைப்பதிவு எடுக்கும் நேரத்தில் இதைச் செய்ய வைக்கலாம்.

படி 8: மீட்டர்

ஒரு ரிப்பனில் 10 செ.மீ. பட்டையைப் பத்து முறை வைத்துக் குறித்து வெட்டினால் ஒரு மீட்டர். இதைப் பிள்ளைகளே செய்ய வேண்டும், பத்து முறை வைத்த கைதான் 100-ஐ நம்பும். ரிப்பனைத் தரையிலிருந்து நேராக நிறுத்திப் பிடித்து, அது தன் உடம்பில் எங்கே வருகிறது என்று ஒவ்வொருவரும் பார்க்கட்டும். ஒருவருக்குத் தோள், ஒருவருக்குக் கழுத்து, ஒருவருக்கு வாய். அதை அளவு அட்டையில் எழுதட்டும். அப்புறம் ரிப்பனோடு பள்ளி முழுக்க ஒரு மீட்டர் வேட்டை: மீட்டருக்குக் கிட்டத்தட்டச் சமமானவை, குறைந்தவை, கூடியவை.

டைல்ஸ் போட்ட வகுப்பறை என்றால் அதிர்ஷ்டம். ஒரு டைலை அளந்தால் (பெரும்பாலும் 60 செ.மீ.) மற்றவற்றை எண்ணினால் போதும். மைதானத்துக்குப் போனால் கபடி ஆடுகளம் இருக்கிறது, ஆண்களுக்கானது 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கிரிக்கெட் பிட்ச் 20 மீட்டருக்குச் சற்றுக் கூட. 10 மீட்டர் கயிற்றைத் தரையில் கட்டி, தன் நடையில் எத்தனை எட்டு என்று எண்ணிக்கொண்டால், அப்புறம் எந்தத் தூரத்தையும் நடந்தே மதிப்பிடலாம். சத்துணவுக் கூடம் எவ்வளவு தூரம், கேட் எவ்வளவு தூரம் என்று பிள்ளைகள் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

டேப் பற்றி இரண்டு வார்த்தை. தையல்காரர் டேப்பில் ஒரு பக்கம் இஞ்ச், மறுபக்கம் செ.மீ. அதைத் திருப்பிப் பிடித்து அளந்துவிட்டு "என் தலை 20 செ.மீ." என்று வருவார்கள். "உன் ஸ்கேலைவிடச் சின்னதா உன் தலைச் சுற்று?" என்று கேட்டால் போதும், மதிப்பிடத் தெரிந்த பிள்ளை தானே டேப்பைத் திருப்பும். இரும்பு டேப்பின் முனைக் கொக்கி லேசாக ஆடும், அது பழுதில்லை. கொக்கியின் தடிமனைச் சரிக்கட்டவே, மாட்டி இழுத்தாலும் முட்டி வைத்தாலும் அளவு மாறாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள்.

அடி, இஞ்ச் என்ன செய்வது?

வீட்டில் உயரத்தை அடியில் சொல்கிறார்கள், டிவி இஞ்சில், துணி மீட்டரில், வேட்டி முழத்தில். இதையெல்லாம் வகுப்பிலிருந்து துரத்த வேண்டியதில்லை. கணக்கும் பதிவும் செ.மீ., மீட்டரில் இருக்கட்டும். அடி என்பது பெரிய ஸ்கேலைவிட அரை செ.மீ. கூட (30.48 செ.மீ.), இஞ்ச் என்பது இரண்டரை செ.மீ. (2.54) என்று கண்ணில் பட வைத்தால் போதும். மாற்றும் கணக்குகளை மூன்றாம் வகுப்பில் போட வேண்டாம். நாலு முழ வேட்டியை விரித்துப் போட்டு மீட்டரில் மதிப்பிடச் சொல்வது நல்ல விளையாட்டு, இரண்டு மீட்டருக்குப் பக்கத்தில் வரும்.

பல வகுப்புகள் ஒரே அறையில் இருந்தால்

ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்று வரை ஒன்றாகத்தான் உட்காருவார்கள். நீளப் பாடத்துக்கு இது வசதிதான். ஒரே டெஸ்க்கை ஒன்றாம் வகுப்பு நூலால் வாசலோடு ஒப்பிடட்டும், இரண்டாம் வகுப்பு குச்சியால் அளக்கட்டும், மூன்றாம் வகுப்பு முதலில் மதிப்பிட்டுப் பிறகு ஸ்கேலால் அளக்கட்டும்.

பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 10 செ.மீ.க்கு ஒரு முடிச்சாகக் கயிறு செய்து கொடுங்கள். முடிச்சு போடப் போடக் கயிறு சுருங்கும், அதனால் ஒவ்வொரு முடிச்சையும் போட்ட பிறகே அடுத்த 10 செ.மீ.யை அளக்க வேண்டும். அட்டைப் பட்டையில் கட்டங்களின் எல்லையில் நூல் ஒட்டினால் விரலுக்குத் தெரியும். இப்படி ஒன்று செய்தால் வகுப்பில் மற்றவர்களும் கண்ணை மூடிக்கொண்டு அளந்து பார்க்கக் கேட்பார்கள், கொடுங்கள்.

கற்றுக்கொண்டார்களா என்று பார்க்க

"1 மீட்டர் = ___ செ.மீ." என்ற கேள்வியால் ஒன்றும் தெரியாது. மூன்றாம் வகுப்பு முடிவில் நான் கேட்கச் சொல்வது இவற்றைத்தான். 3-இலிருந்து 11 வரை நீண்டிருக்கும் பென்சிலின் படம், எவ்வளவு நீளம்? ஸ்கேல் இல்லாமல் 8 செ.மீ. கோடு போட்டு, எப்படிப் போட்டாய் என்று சொல். ஒரு நீளத்தைக் கவிதா 12 காலடி என்றாள், முருகன் 9 காலடி என்றான், இருவரும் சரியாக அளந்தார்கள், யார் பாதம் பெரியது? "என் தம்பி உயரம் 9 செ.மீ., எங்கள் வீட்டுக் கதவு 2 மீட்டர், என் பென்சில் 1 மீட்டர்" இதில் எது நம்பும்படி இல்லை? மரத்தின் சுற்றளவை அளக்க ஸ்கேல், கயிறு, இரும்பு டேப் ஆகியவற்றில் எதை எடுப்பாய், ஏன்?

பென்சில் படத்துக்கு 11 என்று எழுதினால் படி 6-இன் உடைந்த ஸ்கேலுக்குத் திரும்புங்கள். பாதக் கேள்வியில் கவிதா என்று சொன்னால் படி 3-க்குப் போய் வேறு வேறு கைகளால் ஒரே டெஸ்க்கை மறுபடி அளக்க வையுங்கள். தம்பியின் உயரம் சரியாகத்தான் இருக்கிறது என்றால் படி 7-இல் அளவு அட்டை இன்னும் கையோடு ஒட்டவில்லை, தினம் இரண்டு பொருள் வீதம் இன்னும் ஒரு மாதம் மதிப்பிடட்டும்.